பீல் தெரு ஸ்டுடியோக்காரர்: எர்னஸ்ட் விதர்ஸின் படங்களை எப்படிப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: "அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை, அன்றாட வாழ்க்கை, போராட்டம் எல்லாவற்றையும் படமெடுத்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரிடமிருந்து தொடங்கலாம்? எர்னஸ்ட் விதர்ஸ் என்று ஒருவரைச் சொல்கிறார்கள். ஆனால் அவர் அமெரிக்க அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கு உளவு சொன்னவர் என்றும் படித்தேன். அப்படியானால் அவர் படங்களை எப்படி எடுத்துக்கொள்வது?"

விதர்ஸிடமிருந்தே தொடங்குங்கள். உளவு விஷயம் தெரிந்த பிறகும் என் பதில் அதுதான். பாட்டுக் கச்சேரிக்கு ஒரு புகைப்படக்காரர், ஊர்வலத்துக்கு இன்னொருவர், கல்யாணத்துக்கு மற்றொருவர் என்ற ஏற்பாடெல்லாம் அவர் ஊரில் இல்லை. எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கேமராவோடு அவர் எங்கே வந்து நின்றாலும் "நீ ஏன் இங்கே?" என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய சிறந்த படங்கள் கிடைத்தது அதனால்தான். எஃப்.பி.ஐ. அவரைத் தேடி வந்ததும் அதனால்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விதர்ஸ் 1922-இல் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்து, அங்கேதான் புகைப்படத் தொழிலை முறையாகக் கற்றார். பசிபிக் கடலில் சைப்பான் தீவில் இருந்தபோதே, ஊருக்கு அனுப்பப் படம் வேண்டுமென்ற சிப்பாய்களை எடுத்துக்கொடுத்துக் காசு பார்த்தார். ஊர் திரும்பியதும், 1948-இல் மெம்பிஸ் போலீஸில் சேர்க்கப்பட்ட ஒன்பது கறுப்பினக் காவலர்களில் ஒருவரானார். அந்த வேலை 1951-இல் போய்விட்டது. அப்புறம் முழுநேரமும் கேமராதான். மனைவி, எட்டுக் குழந்தைகள். இந்த எட்டு என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் தொழில் நடத்திய பீல் தெரு, மெம்பிஸ் கறுப்பின மக்களின் கடைவீதி. ஊரின் மற்ற பகுதிகளில் உணவகத்துக்குள் உட்கார முடியாதவர்களுக்கு வங்கி, பல் வைத்தியர், தையற்கடை, நாடகக் கொட்டகை, பாட்டும் ஆட்டமும் நடக்கும் கிளப்புகள் எல்லாம் அந்தத் தெருவிலும் அதைச் சுற்றியும்தான். அங்கே ஸ்டுடியோ வைத்தவரின் அன்றாடப் பிழைப்பு என்னவாக இருக்கும்? பள்ளிப் பட்டமளிப்பு, கல்யாணம், சர்ச் பாடகர் குழு, சவப்பெட்டியைச் சுற்றி நிற்கும் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மார்ட்டின் ஸ்டேடியத்தில் மெம்பிஸ் ரெட் சாக்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம். வெள்ளையர் அணிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்று தனி லீக்குகள் இருந்தன. அவற்றின் பிற்காலம் நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதில் விதர்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரவில் கிளப்புகள். பி.பி. கிங், ஹவுலின் வுல்ஃப், ரே சார்ல்ஸ், அரெதா ஃப்ராங்க்ளின் என்று மெம்பிஸ் வழியாகப் போன பெரும்பாலானவர்கள் அவர் படங்களில் இருக்கிறார்கள். மேடைப் படங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். மேடைக்கு எதிரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஜோடிகளையும் ஆடுகிறவர்களையும் பாருங்கள். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் உடை, மேஜைமேல் பாட்டில், கேமராவை நேராகப் பார்க்கும் முகம். ஃப்ளாஷ் நேரே முகத்தில் அடித்திருக்கிறது. கலைப்படம் எடுக்கிறவர்கள் இப்படி அடிக்க யோசிப்பார்கள். விதர்ஸ் ஏன் அடித்தார் என்றால், அந்தப் படத்தைக் காசு கொடுத்து வாங்கப்போவது அதில் இருக்கும் ஆள்தான். தன் முகமும் தன் கோட்டும் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதுதான் அவருடைய கோரிக்கை. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டில் துணி துவைத்தவரும் கிடங்கில் மூட்டை தூக்கியவரும் அன்றிரவு தாங்கள் எப்படிப் பார்க்கப்படவேண்டும் என்று விரும்பினார்களோ, படம் அப்படியே வந்திருக்கிறது. எனக்கு அவருடைய பிரபலமான படங்களைவிட இவைதான் அதிகம் பிடிக்கும்.

பிரபலமான இசைப்படம் என்றால், இளவயது வெள்ளைக்காரப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியும் பி.பி. கிங்கும் சேர்ந்து நிற்கும் படம். டபிள்யூ.டி.ஐ.ஏ. என்ற மெம்பிஸ் வானொலி, நிகழ்ச்சிகள் முழுவதையும் கறுப்பின நேயர்களுக்காகவே ஒலிபரப்பிய முதல் அமெரிக்க வானொலி. பி.பி. கிங் அதில் அறிவிப்பாளராக இருந்தவர். அந்த வானொலி ஆண்டுதோறும் நடத்திய தர்மக் கச்சேரிக்கு 1956 டிசம்பரில் எல்விஸ் வந்தார். அதற்குள் அவர் நாடறிந்த நட்சத்திரம். யாருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்தாரோ அவர்களுடைய மேடைக்குப் பின்னால் வந்து நிற்கிறார். அந்த இடத்தில் கேமராவோடு இருந்தவர் விதர்ஸ்.

பிறகு ஸ்டாக்ஸ். மெம்பிஸின் மெக்லெமோர் அவென்யூவில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றி நடந்த இசைத்தட்டுக் கம்பெனி. ஓடிஸ் ரெடிங், ஐசக் ஹேஸ், புக்கர் டி. அண்ட் த எம்.ஜி.ஸ் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள். அந்தக் கம்பெனிக்குப் பல ஆண்டுகள் படமெடுத்தவர் விதர்ஸ். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே வாத்தியக் குழுவில் உட்கார்ந்து வாசித்தார்கள். வெளியே வந்தால் சேர்ந்து சாப்பிட ஊரில் இடமில்லை. அவர்கள் சேர்ந்து தங்கவும் பாட்டு எழுதவும் முடிந்த ஓரிடம், கறுப்பினத் தம்பதியான வால்டர் பெய்லியும் லோரீ பெய்லியும் நடத்திய லொரேன் மோட்டல். வில்சன் பிக்கெட்டும் ஸ்டாக்ஸின் கிட்டார்காரர் ஸ்டீவ் கிராப்பரும் 'இன் த மிட்நைட் அவர்' பாட்டை எழுதியது அந்த மோட்டல் அறையில். எடி ஃப்ளாய்டும் கிராப்பரும் 'நாக் ஆன் வுட்' எழுதியதும் அங்கேதான். மெம்பிஸுக்கு வந்தால் மார்ட்டின் லூதர் கிங் தங்கியதும் அதே மோட்டல். 1966-இல் கிங் அங்கே ஓர் அறையில் ஓய்வெடுப்பதையும் விதர்ஸ் எடுத்திருக்கிறார். ஆக, இசை வேறு, போராட்டம் வேறு என்று நாம் தலைப்புப் பிரிப்பது புத்தக அலமாரியில்தான் செல்லும். மெம்பிஸில் இரண்டும் ஒரே மோட்டலில் அறை எடுத்தன.

போராட்டப் படங்களுக்கு அவர் வந்த கதை 1955-இல் தொடங்குகிறது. சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்கு வந்த பதினான்கு வயது எம்மெட் டில், வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியிடம் மரியாதை தவறினான் என்று சொல்லி, நள்ளிரவில் வீட்டிலிருந்து தூக்கிப்போய்க் கொல்லப்பட்டான். சிகாகோவில் அவன் தாய் மேமி டில் சவப்பெட்டியை மூடவிடவில்லை. சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்றார். அந்த முகத்தின் படத்தை, டேவிட் ஜாக்சன் எடுத்ததை, 'ஜெட்' பத்திரிகை வெளியிட்டது.

செப்டம்பரில் மிசிசிப்பியின் சம்னர் என்ற சிற்றூரில் வழக்கு விசாரணை. 'ட்ரை-ஸ்டேட் டிஃபெண்டர்' என்ற மெம்பிஸ் கறுப்பினப் பத்திரிகையின் ஆசிரியர் எல். அலெக்ஸ் வில்சனோடு விதர்ஸ் போனார். நீதிமன்றத்துக்குள் கறுப்பின நிருபர்களுக்கு ஓரமாக ஒரு சிறு மேஜை. விசாரணை நடக்கும்போது படமெடுக்கக்கூடாது என்று நீதிபதி உத்தரவு. சாட்சிக் கூண்டில் மோஸ் ரைட், டில்லின் பெரிய தாத்தா முறை, அறுபது வயதைத் தாண்டிய கூலி விவசாயி. பேரனைத் தூக்கிப்போனவர்கள் இங்கே இருக்கிறார்களா என்று கேட்டதும் அவர் எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டுகிறார். விதர்ஸ் அந்த நொடியில் எடுத்துவிட்டார்.

படத்தில் அந்தக் கையைப் பாருங்கள். வளையாமல், நேராக, முழு நீளத்துக்கும் நீண்டிருக்கிறது. மெல்லிய உடம்பு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. நீதிமன்றத்துக்கென்று உடுத்தி வந்திருக்கிறார். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள். அந்த வட்டாரத்தில் வெள்ளைக்காரனை ஒரு கறுப்பர் பொது இடத்தில் குற்றவாளி என்று கைகாட்டினால் அதன்பின் உயிரோடு அங்கே வாழ முடியாது. விசாரணை முடிந்ததும் ரைட் மிசிசிப்பியை விட்டே போனார். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேசிவிட்டு, குற்றம்சாட்டப்பட்ட இருவரையும் விடுதலை செய்தது. நீதிமன்றக் குறிப்பில் தோற்றுப்போன சாட்சியம் படத்தில் இன்றும் நிற்கிறது. விதர்ஸ் அந்த வழக்கின் படங்களைச் சேர்த்து ஒரு சிறு நூலாக அச்சடித்து ஒரு டாலருக்கு விற்றார். பிழைப்பும் பிரசாரமும் அவரிடம் எப்போதும் கலந்தே இருந்தன. அதில் எனக்குத் தவறொன்றும் தெரியவில்லை. பெரிய பத்திரிகையின் சம்பளம் இல்லாத ஆள் வேறு எப்படி அடுத்த ஃபிலிம் சுருளை வாங்குவார்?

அதன்பின் அவர் ஓடிக்கொண்டே இருந்தார். 1956 டிசம்பரில் மான்ட்கமரியில், கறுப்பர்கள் பஸ்ஸின் பின்பகுதியில்தான் உட்காரவேண்டும் என்ற விதிக்கு எதிரான பஸ் புறக்கணிப்பு வென்றபோது, கிங் பஸ்ஸின் முன்பகுதியில் உட்கார்ந்து போகும் படம். 1957-இல், வெள்ளையர் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் முதன்முதலாகச் சேர்ந்த லிட்டில் ராக் பள்ளிக்கூடம். 1963-இல் ஜாக்சனில், சுட்டுக் கொல்லப்பட்ட உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸின் இறுதி ஊர்வலத்தில் போலீஸ் விதர்ஸை அடித்துப் பிடித்துக்கொண்டு போனது.

1968-க்கு வருவோம். பிப்ரவரி 1 அன்று மெம்பிஸில் மழை. குப்பை வண்டியின் அரைக்கும் பகுதிக்குள் ஒதுங்கிய எகோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள், இயந்திரம் திடீரென்று ஓடத் தொடங்கி நசுங்கி இறந்தார்கள். சில நாளில் ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தை அங்கீகரிக்க மேயர் ஹென்றி லோப் மறுத்தார். ஐம்பது வயது ஆளையும் வெள்ளைக்காரர்கள் 'பாய்' (பையன்) என்று கூப்பிட்ட ஊரில், 'I AM A MAN' (நான் ஒரு மனிதன்) என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அட்டைகள் அச்சாயின. மார்ச் 28 அன்று கிங் தலைமையில் ஊர்வலம். கிளேபார்ன் டெம்பிள் என்ற சர்ச்சுக்கு வெளியே, புறப்படுவதற்கு முன்பு, விதர்ஸ் எடுத்த படம்தான் இன்று உலகமெங்கும் தெரிகிற படம்.

தெருவின் அகலம் முழுக்க ஆண்கள். வரிசைக்குப் பின் வரிசை. ஒவ்வொருவர் கையிலும் அதே அட்டை, அதே நான்கு சொற்கள். 'AM' என்ற வினைச்சொல்லின் கீழே மட்டும் ஒரு கோடு. தொப்பியும் கோட்டும் போட்டவர்கள் பலர். வாசகம் ஒன்றுதான், ஆனால் அட்டை பிடித்திருக்கும் முகங்களில் எதுவும் இன்னொன்றைப் போல இல்லை. ஒரு சங்கத்தின் பலத்தையும் தனித்தனி ஆளின் மானத்தையும் ஒரே சட்டத்துக்குள் காட்ட இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அட்டைகளைத் தாங்கும் மரக்குச்சிகளையும் கவனியுங்கள். சற்று நேரத்தில் ஊர்வலத்தில் கலந்த சில இளைஞர்கள் அதே போன்ற குச்சிகளால் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, தடியடி நடத்தியது. லாரி பெய்ன் என்ற பதினாறு வயதுப் பையன் போலீஸ் குண்டுக்கு இறந்தான். அமைதியான ஊர்வலம் ஒன்றை நடத்திக்காட்டவேண்டும் என்று மீண்டும் மெம்பிஸுக்கு வந்த கிங், ஏப்ரல் 4 அன்று லொரேன் மோட்டலின் மாடித் தாழ்வாரத்தில் சுடப்பட்டார். பாட்டுகள் பிறந்த அதே மோட்டல். அந்த இரவும் விதர்ஸ் அங்கே கேமராவோடு இருந்தார். ஏப்ரல் 16-இல் நகராட்சி இறங்கிவந்து சங்கத்தை ஏற்றுக்கொண்டது.

இனி நீங்கள் கேட்ட சங்கடமான பகுதி. விதர்ஸ் 2007-இல் இறந்தார், ஊர் கொண்டாட வழியனுப்பப்பட்டார். 2010 செப்டம்பரில் மெம்பிஸ் நாளிதழான 'கமர்ஷியல் அப்பீல்' நிருபர் மார்க் பெருஸ்கியா, விதர்ஸ் எஃப்.பி.ஐ.யின் ரகசியத் தகவலாளி என்று எழுதினார். ஆவணங்களில் மறைக்க மறந்த ஒரு குறியீட்டு எண் காட்டிக்கொடுத்தது. பத்திரிகை வழக்குப் போட்ட பிறகே எஃப்.பி.ஐ. கோப்புகளை வெளியே விட்டது. பல ஆண்டுகள் அவர் தகவலும் படங்களும் கொடுத்திருக்கிறார், பணமும் வாங்கியிருக்கிறார். கூட்டத்துக்கு யார் வந்தார், யாரோடு பேசினார், கார் எண் என்ன என்பது வரை போயிருக்கிறது. 'இன்வேடர்ஸ்' என்ற மெம்பிஸ் கறுப்பின இளைஞர் அமைப்பைப் பற்றி நிறையக் கொடுத்திருக்கிறார்.

எட்டுக் குழந்தைகள், நிலையில்லாத வருமானம். இது ஒரு விளக்கம். எஃப்.பி.ஐ. கதவைத் தட்டினால் ஒரு கறுப்பின ஸ்டுடியோக்காரர் முடியாது என்று சொல்லிவிட்டு அதே ஊரில் தொழில் செய்திருக்க முடியுமா என்பது இன்னொரு விளக்கம். எஃப்.பி.ஐ. ஆட்கள் தன்னை விடாமல் கேள்வி கேட்டதாகவும், அதனால் பெரிய ரகசியம் எதையும் தெரிந்துகொள்ளப் போகவில்லை என்றும் அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். கிங்கோடு நெருங்கி இருந்த ஆண்ட்ரூ யங், இயக்கத்தில் மறைக்க ஒன்றுமில்லை என்று பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். காட்டிக்கொடுத்தவன் என்று சொன்னவர்களும் உண்டு.

என் கருத்து: யங் போன்ற தலைவருக்கு மறைக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாம். இன்வேடர்ஸ் பையனுக்கு நிறைய இருந்தது. அவன் வேலை, படிப்பு, மேலே விழக்கூடிய வழக்கு எல்லாம் அந்தக் கோப்பில் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தன. எனவே சின்ன விஷயம் என்று என்னால் தள்ளிவிட முடியாது. ஊர்வலத்தில் ஒருவன் முகம் பத்திரிகையில் வந்தால் அது அவனுக்குப் பெருமை. அதே முகம் பின்பக்கத்தில் பெயர் எழுதப்பட்டு எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குப் போனால் அது ஆபத்து. இரண்டும் ஒரே நெகட்டிவ். அதே நேரம், இதைச் சொல்லி மோஸ் ரைட்டின் கையை யாரும் மடக்கிவிட முடியாது. அந்தப் படங்களில் இருக்கும் தைரியம் படத்தில் நிற்கிறவர்களுடையது. தொழிலாளிகள் அட்டையைப் பிடித்தது விதர்ஸுக்காக அல்ல. ஆகவே படத்தைப் பாருங்கள், கூடவே எஃப்.பி.ஐ. கோப்பில் என்ன இருந்தது என்பதையும் படியுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் புனிதர் கிடைப்பார், மற்றதை மட்டும் பார்த்தால் துரோகி கிடைப்பார். இரண்டையும் சேர்த்தால் 1960-களின் மெம்பிஸ் கிடைக்கும்.

விதர்ஸுக்குப் பிறகு யார் என்றால், அவருக்கு எதிர்த்திசையில் நின்ற ராய் டிகராவா. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்காரர், கலைஞர்களுக்குத் தரப்படும் குக்கன்ஹைம் நிதியுதவி பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக்காரர், 1952-இல். ஜான் கோல்ட்ரேன் போன்ற ஜாஸ் கலைஞர்களை ஃப்ளாஷ் போடாமல், இருக்கும் வெளிச்சத்திலேயே எடுத்தார். பிரிண்டையும் கறுப்புக்குள் கறுப்பாக, அடர்த்தியாகப் போட்டார். கண் பழகச் சற்று நேரம் ஆகும்; பழகியபின் வியர்வையும் வாத்தியமும் மெதுவாகத் தெரியவரும். இதற்கு நேர்மாறாக வண்ணமும் விளம்பர நேர்த்தியும் வேண்டுமென்றால் குவாமே பிராத்வெய்ட். 1950-களில் நண்பர்களோடு ஜாஸ் கச்சேரி நடத்திப் படமெடுத்தவர், 1962-இல் ஹார்லெமில் இயற்கையான சுருள்முடியோடு கறுப்பினப் பெண்கள் மேடையேறிய ஃபேஷன் நிகழ்ச்சியை அந்தக் குழு நடத்தியது. கறுப்பே அழகு என்ற முழக்கம் ஊரெங்கும் பரவியதில் அவர் படங்களுக்குப் பங்குண்டு.

ஆனால் விதர்ஸோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க நான் சொல்வது இங்கிலாந்தின் வான்லி பர்க்கை. 1951-இல் ஜமைக்காவில் பிறந்தவர். பத்தாவது பிறந்தநாளுக்கு இங்கிலாந்திலிருந்து தாய் அனுப்பிய கோடாக் பாக்ஸ் பிரௌனி கேமராதான் தொடக்கம். 1965-இல் பெற்றோரோடு சேர பர்மிங்காம் வந்தார், ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியைப் படமெடுக்கத் தொடங்கினார். ஞானஸ்நானம், டாமினோ ஆட்டம், வீட்டுக்கூடத்தில் நடனம், ரெகே பாட்டு, இனவெறிக்கு எதிரான ஊர்வலம். 1977-இல் ஹேண்ட்ஸ்வொர்த் பூங்காவில் ஆப்பிரிக்க விடுதலை நாளுக்குத் திரண்ட கூட்டத்தை அவர் எடுத்த படங்களில் அரசியலையும் கச்சேரியையும் நீங்கள் பிரிக்கவே முடியாது. அதே பகுதியிலிருந்துதான் ஸ்டீல் பல்ஸ் என்ற ரெகே குழு வந்தது.

பர்க் படங்களோடு நிற்கவில்லை. கச்சேரி நோட்டீஸ், இறுதிச் சடங்கு அட்டை, துணிமணி, பதிவுத் தட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துவைத்தார். 2015-இல் பர்மிங்காமின் ஐகான் கேலரி அவர் வீட்டிலிருந்த பொருள்களை அப்படியே கொண்டுவந்து காட்சிக்கு வைத்தது. அவர் தொகுப்பில் பெரும்பகுதி இப்போது பர்மிங்காம் நூலகத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் முகங்களை ஒருவர் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சேர்த்தால், கடைசியில் அவை யார் அலமாரியில் போய்ச் சேருகின்றன என்பது பெரிய கேள்வி. விதர்ஸின் படங்களில் ஒரு பங்கு எஃப்.பி.ஐ.க்குப் போனது. பர்க்கின் படங்களை, அவற்றில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர் நூலகத்தில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.